வில்லுக்குக் குத்தகை

என் தமக்கை மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஊரில் இருந்தவரை ஓணானைக் கண்டால்கூட இரண்டு அடி விலகிப் போகிற பிள்ளை. அவனிடமிருந்து சில மாதங்களுக்கு முன்பு ஒரு நீண்ட கடிதம் வந்தது. தபாலில் வரும் கடிதங்களின் காலம் போய்விட்டது; கணினியில் அடித்து அனுப்பியதுதான். ஆனாலும் நான்கு பக்கம் இருந்ததால் அதைக் கடிதம் என்றே சொல்கிறேன். தானும் அலுவலக நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரு மாட்டுப் பண்ணைக்காரரின் காட்டை வேட்டைக்காகக் குத்தகை எடுத்திருப்பதாகவும், அந்த ஒப்பந்தத்தில் துப்பாக்கிக்கு இடமில்லை, வில்லும் அம்பும் மட்டுமே உண்டு என்றும் எழுதியிருந்தான். முடிவில் ஒரு கேள்வி: "மாமா, நம் கல்வராயன் மலைப் பக்கம் அந்தக் காலத்தில் இப்படி ஏதாவது ஏற்பாடு இருந்ததா? சரித்திரம் எழுதுகிறவர் நீங்கள்தானே, சொல்லுங்கள்."

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கும் சரித்திரம் எழுதுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. போகட்டும்.

முதலில் அவன் எழுதிய விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸாஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார் நிலம். மான் அரசாங்கத்தின் சொத்து. நிலம் மட்டும் பண்ணைக்காரருடையது. ஆகவே வேட்டைக்கு உரிமம் அரசாங்கத்திடம் வாங்க வேண்டும், வேலியைத் தாண்டிக் கால் வைக்கும் உரிமையைப் பண்ணைக்காரரிடம் வாங்க வேண்டும். இந்த இரண்டாவது உரிமைக்குத்தான் குத்தகைப் பணம். அங்கே வில்லுக்கென்று தனிப் பருவமும் உண்டு. துப்பாக்கிப் பருவம் நவம்பரில் தொடங்கினால், வில்லுக்காரர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே காட்டுக்குள் போய்விடலாம். பண்ணைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டேன். வெடிச் சத்தம் இல்லாததால் மாடுகள் மிரளாது. தவறிய குண்டு அரை மைலுக்கு அப்பால் போய் யார் மேலும் பாயாது. வில்லுக்காரன் இருபது, முப்பது கெஜத்துக்குள் மிருகம் வந்தால்தான் நாணை இழுப்பான் என்பதால் காட்டில் மிருகம் குறையாது. இவ்வளவும் வாஸ்தவம்தான். ஒப்பந்தத்தில் எத்தனை பேர் வரலாம், விருந்தாளியை அழைத்து வரலாமா, பரணை எந்த மரத்தில் கட்டலாம், கதவை யார் பூட்ட வேண்டும் என்றெல்லாம் ஷரத்துகள். அடிபட்ட மான் பக்கத்துப் பண்ணைக்குள் ஓடி விழுந்தால், அந்தப் பண்ணைக்காரர் அனுமதி இல்லாமல் எடுக்கப் போகக் கூடாது, போனால் அத்துமீறல். இந்த ஷரத்தைப் படித்தபோது மட்டும் எனக்கு என்னவோ செய்தது. ரத்தம் சொட்டிய தடம் வேலியோடு நின்றுவிடுமா?

கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். 2019ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அது தனி மாவட்டம்; அதற்கு முன்பு விழுப்புரம், அதற்கும் முன்பு பழைய தென்னார்க்காடு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. பஸ் ஏறும்போதே காற்று மாறுகிறது. சரிவுகளில் மரவள்ளி; மேட்டில் கடுக்காய் மரங்கள்; நடுநடுவே கூரைகள். தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் பச்சைமலையும் கொல்லிமலையும்.

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரி நினைவு வராமல் இராது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவனைக் கண்ட காட்சியைச் சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலியின் வாயில் புகுந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகிக்கொள்கிறது. இதை நம்பலாமா என்று கேட்கிற ஆசாமிகள் அதே பாட்டின் பிற்பகுதியைக் கவனிப்பதில்லை. புலவர் கூட்டம் பாடியதும் அந்த வேட்டுவன் வெட்கப்படுகிறான். தன் பெயரைச் சொல்லாமலே, வேட்டையாடிய இறைச்சியையும் மதுவையும் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் எடுத்துக் கொடுக்கிறான். வழிப்போக்கர்களிடம் "யாரைக் கேட்டு என் காட்டுக்குள் வந்தீர்கள்?" என்று அவன் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

அந்த ஓரியைக் கொன்றவன் யார் தெரியுமா? இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி. கபிலர் வாயாரப் பாடிய வள்ளல். அவன் சேரனுக்காகப் போரிட்டு ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். கடையெழு வள்ளல்கள் என்று ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். அந்த வரிசையில் ஒருவர் இன்னொருவரைக் கொன்றவர் என்பதை வாத்தியார்கள் சொல்வதில்லை. ஒரு மலை யாருடையது என்ற வழக்கு நம் பக்கத்தில் அவ்வளவு பழையது. அதில் மலைவாசிகளின் சாட்சியத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மலையின் வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? 1972இல் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே வெளியிட்டது. வில்லும் கையுமாக வீரர்கள் கல்லில் நிற்கிறார்கள். பெரும்பாலும் மாடு பிடிக்கப் போனவர்கள் அல்லது மாட்டை மீட்கப் போனவர்கள். எடுத்தனூரில் உள்ள கல்தான் எனக்குப் பிடித்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. மந்தையைக் காத்து இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுத் தன் எஜமானைக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் இறந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே மலைகளில் காலம் காலமாக உழுதவர்களில் எத்தனை பேருடைய பெயர் தெரியும்?

கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள், கேரளத்தோடு சம்பந்தமில்லை. பேச்சு தமிழ். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி என்பது அவர்கள் பாரம்பரியம். கரிராமன் என்ற தெய்வம் காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் புறப்பட, அதன் பின்னால் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் வந்து மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்று ஒரு கதை. வடக்கே சவ்வாது மலையில் வேறு ஒரு கதை சொல்கிறார்கள். கங்குந்தி நாட்டு வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டார்கள், மறுத்தார்கள், வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பும்போது மனைவிமாரிடம், "நாய் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. மனைவிமார் தாலியை அறுத்துக் கருமாதியும் செய்து முடித்தார்கள். வேலை முடித்து வீடு திரும்பிய ஆண்கள் ஊருக்கு இறந்தவர்கள். இறந்தவர்களுக்கு வீடு ஏது? வேடர் பெண்களையே மணந்து மலையேறினார்கள்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு பாகத் தொகுதியில் இது இருக்கிறது. ஒரு நாவலுக்குப் போதுமான கதை. எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மனைவிமார் பக்கத்திலிருந்து எழுத வேண்டிய கதை அது.

மருமகன் கேட்ட குத்தகை விஷயத்துக்கு வருகிறேன். கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதி மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்பது வழிவழிப் பேச்சு. வெள்ளைக்காரர்கள் வந்தபோதும் இந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவைத்தார்கள். உழவுக்காடாகட்டும், ஏர் போகாத சரிவில் கொத்திப் பயிரிடும் கொத்துக்காடாகட்டும், குடியானவன் ஜாகீர்தாருக்குக் கட்டுப்பட்டவன். அவர் எஜமான், நீதிபதி, ஏறக்குறைய அரசர். மலை முழுவதும் ஒரு தனியார் நிலம். டெக்ஸாஸ்காரர்களின் பண்ணையெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்!

அதே காலத்தில் மலைக்குக் கீழே சர்க்கார் வேட்டைக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தது. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும் பட்டியலில் துப்பாக்கி, கத்தி, ஈட்டி, அப்புறம் வில்லும் அம்பும், அப்புறம் பீரங்கி. ஓரியின் வில்லைப் பீரங்கியின் பக்கத்திலேயே உட்கார வைத்த பெருமை அந்தச் சட்டத்துக்கு உண்டு. 1879இல் நீலகிரியில் வேட்டை மிருகங்களையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம். யாருக்காகக் காத்தார்கள் என்றால், துரைமார் சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. 1882இல் வனச் சட்டம். காப்புக் காடுகளில் வேட்டைக்குத் தடை விதிகள் அதன் கீழ் வந்தன. ஆக, நம் ஊரில் வேட்டை உரிமை சர்க்கார் கையிலோ, துரைமார் கையிலோ, ஜமீன்தார் கையிலோ இருந்ததே தவிர, வில்லுக்கென்று பத்திரம் எழுதிக் காட்டைக் குத்தகை விட்டதாக ஓர் ஆதாரமும் எனக்கு அகப்படவில்லை. வில் வைத்திருந்தவனிடம் குத்தகைப் பணம் இல்லை. பணம் வைத்திருந்தவனிடம் துப்பாக்கி இருந்தது.

அமெரிக்காவில் மட்டும் வில் எப்படிக் கனவான்கள் கைக்கு வந்தது? அதுவும் துயரமான கதை. 1911இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் கசாப்புக் கொட்டகை அருகே பசியால் மெலிந்த ஒரு மனிதர் அகப்பட்டார். யாஹி என்ற செவ்விந்தியக் கூட்டத்தின் கடைசி மனிதர். மற்றவர்கள் வெள்ளைக் குடியேறிகளின் துப்பாக்கிக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள். தம் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே பெயராக வைத்து அழைத்தார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ மியூசியத்தில் அவரை வைத்திருந்தார்கள். அங்கே ஸாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவருக்குச் சிநேகிதரானார். வில் செய்யவும், அம்புக்கு இறகு கட்டவும், மூச்சுவிடாமல் காத்திருக்கவும் இஷியிடம் கற்றார். 1916இல் இஷி காச நோயால் இறந்தார். 1923இல் போப் எழுதிய வில்வேட்டைப் புத்தகம் அந்த நாட்டில் ஒரு மோகத்தையே கிளப்பியது. 1934இல் விஸ்கான்ஸின் மாகாணம் வில்லுக்கென்று தனி வேட்டைப் பருவம் ஏற்படுத்தியது. இன்று என் மருமகன் பரண் மேல் உட்கார்ந்து நாணை இழுப்பது, காட்டை இழந்த ஒருவர் கற்றுக்கொடுத்த வித்தை. அவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை, எழுதினேன்.

இங்கே ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. இனாம்களை ஒழிக்க 1963இல் சட்டங்கள் வந்தன. கல்வராயன் மலை சர்க்கார் கைக்கு வந்தது 1976இல். சுதந்திரக் கொடி ஏறி இருபத்தொன்பது வருஷம் கழித்து! அதற்குள் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. முதலில் உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இடமிருந்தது. 1991இல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். அது சரியான காரியம் என்பதே என் அபிப்பிராயம். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் மிருகங்களையும் ஜீப்பில் வருகிறவர்கள் தீர்த்திருப்பார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் குடியிருப்பவர்களுக்கு நிலத்தையும் விளைபொருளையும் வழக்க உரிமைகளையும் திருப்பித் தருகிறது. வேட்டையாடும் உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைக்கிறது. இதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் மற்ற உரிமைகளாவது கைக்கு வந்தனவா என்று கேட்க வேண்டாமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகுதான் உயர் நீதிமன்றம் இந்த மலைவாசிகளின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. அத்தனை உயிர் போன பிறகு மலை மேல் பார்வை திரும்பிற்று.

வெள்ளிமலையில் டீக்கடைத் திண்ணையில் ஒரு பெரியவரிடம் மருமகன் கதையைச் சொன்னேன். எழுபதுக்கு மேல் வயது, தோளில் துண்டு. பொறுமையாகக் கேட்டார்.

"வேட்டையாட எதுக்குங்க ஐயா காசு குடுக்கணும்?"

"நிலம் இன்னொருவருடையது அல்லவா, பெரியவரே."

"அப்ப மானு?"

"அது அரசாங்கத்தினுடையது."

பெரியவர் யோசித்தார். "இங்கயும் அப்படித்தானுங்களே. எங்க காலத்துல நெலம் ஜாகீர்தாருது, அப்புறம் பாரஸ்டுது. மானும் பாரஸ்டுது, பன்னியும் பாரஸ்டுது. பன்னி தின்னுட்டுப் போற கெழங்கு மட்டும் எங்களுது" என்றார். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார், பெரியவர் சிரிக்கவில்லை.

உங்கள் தாத்தா காலத்தில் வில் உண்டா என்று கேட்டேன். "கதையில உண்டுங்க" என்றார். பிறகு தம் காட்டைப் பார்க்க அழைத்துப் போனார். முக்கால் ஏக்கர் இருக்கும். முந்தின இரவு பன்றிக் கூட்டம் புகுந்து, மரவள்ளிச் செடிகளைக் கவிழ்த்து, கிழங்கைக் கடித்துத் துப்பியிருந்தது. மண்ணில் குளம்புத் தடம் பளிச்சென்று தெரிந்தது. 2025 ஜனவரியில் அரசு ஒரு முறை வகுத்திருக்கிறது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். பெரியவரின் காட்டிலிருந்து காட்டு ஓரம் கூப்பிடு தூரம். அவருக்கு இருப்பது ஒரு தகர டப்பாவும், அதைத் தட்ட ஒரு கம்பும், குளிருக்கு ஒரு கம்பளியும், நாயும்.

நாய் வெள்ளையும் செம்பட்டையும் கலந்தது. பெயர் கேட்டேன். "மணி" என்றார். ஒரு காது கிழிந்திருந்தது; பன்றியின் கொம்பு பட்டதாம். மருமகனுக்கு அனுப்ப அதைப் படம் எடுக்கப் பார்த்தேன். ஓரிடத்தில் நிற்காமல் சரிவில் இறங்கிப் புதருக்குள் போய்விட்டது. பெரியவர் குரல் கொடுத்தார். சிறிது நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தது.