அஸீஸ் தொடங்கியதும் நாம் தொடங்க வேண்டியதும்

வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸை (1911–1973) நமது பிள்ளைகளுக்கு "இலங்கை சிவில் சேவையின் முதலாவது முஸ்லிம்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறோம். பொது அறிவுப் போட்டிக்கு அது போதும். ஆனால் அவர் செய்தவற்றில் பெரியது அந்தப் பதவி அல்ல.

1942இல், யுத்தகால உணவு உற்பத்தி வேலைக்காக, உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குப் போனார். அங்கே சுவாமி விபுலானந்தரின் நட்புக் கிடைத்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் படிப்பை விடுவதையும் அங்கேதான் கிட்ட நின்று பார்த்தார். 1945 மே மாதம் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கியது. அதே வருடம்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லையென்றான பிறகு நிதி எதற்கு என்று யாரும் கேட்கலாம். விடுதிச் செலவு, புத்தகம், போக்குவரத்து, இவையெல்லாம் இலவசக் கல்விக்கு வெளியேதான் இருந்தன. வாசல் திறந்திருந்தாலும் வாசல்வரை வர பஸ் காசு வேண்டுமே!

இன்று அந்த வாசல் இன்னும் உள்ளே தள்ளிப் போயிருக்கிறது. உயிரியல் படிக்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போனாலும், ஆராய்ச்சி என்பது விரிவுரை மண்டபத்தில் வருவதில்லை. அது ஆய்வுகூடத்தில், ஒருவர் பக்கத்தில் நின்று பழகி வருவது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தெரிந்தவர் மூலம் விடுமுறையில் ஓர் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்துவிடும். மற்றப் பிள்ளை அந்த விடுமுறையில் கடையில் நிற்கும், அல்லது டியூஷன் கொடுக்கும்.

அமெரிக்கர்கள் இதைக் கணக்கில் எடுத்தார்கள். அங்கே தேசிய விஞ்ஞான மன்றம் 1987இல் இளமாணி மாணவருக்கான கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சியைத் தொடங்கியது. பிறகு ஜீனோம் ஆய்வு நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. மசாசுசெட்ஸில் உள்ள பிரோட் நிறுவனம், விஞ்ஞானத்தில் குறைவாக இடம்பெறும் சமூகங்களின் மாணவர்களைக் கோடையில் அழைத்து ஆய்வில் சேர்த்து வந்தது. முக்கியமான விஷயம், உதவித்தொகை கொடுத்தார்கள். விடுமுறையில் உழைக்க வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பணம் இல்லாவிட்டால் அழைப்பிதழால் பயனில்லை.

திகதி ஒன்றையும் சொல்ல வேண்டும். மனித ஜீனோம் திட்டம் முறைப்படி தொடங்கியது 1990 ஒக்டோபர் 1. அதே மாதம் 30ஆந் திகதி, புலிகளின் உத்தரவில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியாலங்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். திட்டம் 2003 ஏப்ரலில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பதின்மூன்று வருடத்தில் உலகம் மனிதனின் பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாய் வாசித்தது. சோனகத் தெருப் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் எழுத்துக் கூட்டினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் ஒரு தலைமுறை எதைத் தவறவிட்டது என்று கேட்பவருக்கு இதைவிடச் சுருக்கமான பதில் நமக்குத் தெரியவில்லை.

தவறவிட்டதற்கு விலையும் உண்டு. ஆயிரம் ஜீனோம் திட்டம் 2015இல் 26 மக்கள்தொகுதிகளைச் சேர்ந்த 2504 பேரின் தரவை வெளியிட்டது. அதில் இலங்கைத் தமிழர் என்று ஒரு தொகுதி உண்டு. ஆனால் மாதிரி எடுத்தது யாழ்ப்பாணத்தில் அல்ல, பிரித்தானியாவில் வாழ்பவர்களிடம். இலங்கைச் சோனகர் என்று தனித்தொகுதி அந்த 26இல் இல்லை. ஒரு நோயாளியிடம் காணப்படும் மரபணு மாற்றம் நோய்க்குரியதா, அவர் சமூகத்தில் சாதாரணமாக உள்ளதா என்று பார்க்க வைத்தியர் இப்படியான தரவுகளோடுதான் ஒப்பிடுகிறார். ஒப்பிட ஆளில்லாதவருக்குப் பதில் பல நேரம் "தெளிவில்லை" என்றுதான் வரும்.

அந்தத் தரவைச் சேகரிக்கப் போகிறவர் நமது மொழி பேசுபவராக இருந்தால், இரத்தம் எதற்கு எடுக்கிறோம் என்பதை உம்மாமாருக்கு விளங்கப்படுத்தலாம். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் சம்மதம் ஆகாது.

யாழ். பல்கலைக்கழகம் 1980இல் அஸீஸுக்கு, அவர் மறைந்த பிறகு, கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதன் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. சோனகத் தெருவிலிருந்து சைக்கிளில் போகலாம். பள்ளிவாசல் நிதியிலும் வெளிநாட்டிலுள்ள நம்மவர் அனுப்பும் ஸகாத்திலும் வருடம் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒரு விடுமுறைக்கான உதவித்தொகையை ஒதுக்க முடியுமா என்று ஜமாஅத்தில் கேட்கப்போகிறோம். ஸகாத்தை இதற்குக் கொடுக்கலாமா என்பதை உலமாக்களே சொல்லட்டும். ஆகாதென்றால் ஸதக்காவில் பார்ப்போம். எந்த விரிவுரையாளரை முதலில் போய்ச் சந்திக்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.