பலகை, பிளாஸ்ரிக், பூச்சு: பிக்-அப் பின்பெட்டியின் கதை

1925ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் போர்ட் நிறுவனம், தனது ‘மொடல் ரி’ காரின் பின்புறத்தில் சிறிய சுமைப்பெட்டியொன்றைப் பொருத்தி 281 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. 56 அங்குல நீளமும் 13 அங்குல ஆழமும் கொண்ட அந்தப் பெட்டியே, தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வெளிவந்த போர்ட் பிக்-அப் வாகனங்களின் தொடக்கமாகும். அதற்கு முன்னர் அமெரிக்க விவசாயிகள் காரை வாங்கி, பின்புறத்தில் தாமாகவே பெட்டி அமைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது.

அன்று தொட்டு இன்றுவரை பிக்-அப் உரிமையாளரை விட்டு அகலாத கவலை ஒன்றுண்டு. கல்லும் மண்ணும் இரும்பும் ஏற்றி இறக்கப்படும் அந்தப் பெட்டியின் தரையை எவ்வாறு காப்பாற்றுவது?

ஆரம்ப தசாப்தங்களில் இதற்குக் கிடைத்த விடை மரப்பலகையாகும். 1950களிலும்கூடப் பல பிக்-அப் வாகனங்களின் தரை பலகையால் ஆனதாகவே இருந்தது. பலகைகளுக்கிடையே நீளவாட்டில் உருக்குப் பட்டிகள் பொருத்தப்பட்டன. சுமை அந்தப் பட்டிகளின் மீது வழுக்கிச் செல்ல, பலகை தேயாமல் தப்பியது. பலகை உக்கினால் உரிமையாளரே அதைக் கழற்றிப் புதிதாக மாற்றிவிடலாம்.

பின்னர் உருக்குத் தகட்டுத் தரை வந்தது. அது பலகையைப் போல் உக்குவதில்லை; ஆனால் வர்ணம் கீறுப்பட்ட இடத்தில் கறள் பிடித்தது. பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவப்படும் நாடுகளில் இது விரைவாகவே நிகழ்ந்தது. கனடாவில் வாழும் எம்மவர்களுக்கு இதை விளக்கிக் கூறத் தேவையில்லை.

1980களில், பெட்டியின் வடிவத்திலேயே வார்க்கப்பட்ட பிளாஸ்ரிக் உறைகள் பெரும் செல்வாக்குப் பெற்றன. அவை அடியைத் தாங்கின என்பது உண்மையே. எனினும் உறைக்கும் தகட்டுக்கும் இடையே நீரும் மணலும் தங்கின. வாகனம் அதிரும்போதெல்லாம் உறை உராய்ந்து வர்ணத்தைத் தேய்த்தது. பல ஆண்டுகளின் பின்னர் உறையைத் தூக்கிப் பார்த்தவர்கள் சிலர் கண்டது ஓட்டை விழுந்த தரையையே.

இன்னோர் ஆபத்தும் வெளிப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. பிளாஸ்ரிக் உறையின் மீது கொள்கலனை வைத்தபடியே பெற்றோல் நிரப்பும்போது, நிலைமின்னேற்றம் நிலத்துக்குக் கடத்தப்படாமல் தேங்கி, தீப்பொறியாகப் பாயக்கூடும் என்பதே அதன் சாரம். கொள்கலனை நிலத்தில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும் என்ற அறிவுரை இன்றும் பொருந்துவதாகும்.

விசிறிப் பூசும் பூச்சின் மூலம் ஜேர்மனிக்குச் செல்கிறது. 1937இல் ஒட்டோ பேயர் என்ற இரசாயனவியலாளரும் அவரது குழுவினரும் பொலியுரித்தேனை உருவாக்கினர். 1980களில் அமெரிக்காவில், சில விநாடிகளிலேயே இறுகிவிடும் பொலியூரியாப் பூச்சு உருவாக்கப்பட்டது. இவையிரண்டும் பின்பெட்டிகளுக்கு வந்தபோது, தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் இடையே நீர் தங்க இடமில்லாத ஒரு காப்பு கிடைத்தது.

புதிய வாகனத்துக்கு இது சிறந்த தெரிவு என்பதில் ஐயமில்லை. பழைய வாகனத்தின் நிலை வேறு. கறளின் மீது பூசப்பட்ட பூச்சு தகட்டில் ஒட்டுவதில்லை, கறளிலேயே ஒட்டுகிறது. கறள் உதிரும்போது பூச்சும் கழன்று, அதனடியில் ஈரம் புகுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை பூசிய பூச்சை உரித்தெடுப்பதும் இலகுவான காரியமன்று.

ஆகவே பழைய பிக்-அப் வைத்திருப்பவர் முதலில் வாகனத்தின் அடியில் புகுந்து தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டைகளை ஒட்டுவித்து, கறளை முற்றாகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அடிவர்ணம் பூசிய பின்னரே பூச்சுக்குப் பணம் செலவிடலாம். பூசுபவர் முறையான சுவாசக் கவசம் அணிய வேண்டும். இப்பூச்சுகளிலுள்ள ஐசோசயனேற் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது.

அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்களுக்கு, கறள் நீக்கி வர்ணம் பூசிய தரையும் அதன்மேல் தடித்த இறப்பர் விரிப்பும் போதுமானவை. விரிப்பை மாதம் ஒருமுறை தூக்கி, கழுவி, தரையை உலரவிடலாம். புதிதாகக் கறள் தோன்றினால் அன்றே கண்டுகொள்ளலாம். பழைய பலகைத் தரையில் இருந்த அந்த வசதியை, பின்னர் வந்த காப்புகளில் பல எமக்குத் தரவில்லை.