வண்டியில் இரவு தங்கியவர்கள்

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணிக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காவடியோடு வந்த கூட்டம் ஊரை நிறைத்திருக்கும். அறை கிடைக்காதவர்கள் வந்த வேனிலேயே படுத்துக்கொள்வார்கள். சாலையோரம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். விடிந்ததும் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு 365 படிகளில் ஏறுவார்கள். அவர்களை யாரும் குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை.

வெளிநாடுகளில் இதற்கென்றே செய்யப்பட்ட வண்டி உண்டு. அதற்குக் கேம்பர்வேன் என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். காட்டோரமோ கடலோரமோ நிறுத்திவிட்டு இரவைக் கழிக்கலாம். இப்போது இந்தியாவிலும் இந்த ஆசை பரவி வருகிறது. ஆனால் வண்டியையே வீடாக்கி, நின்ற இடத்தில் இரவு தங்குவது நம் மண்ணுக்குப் புதியதல்ல. ஒரு காலத்தில் அது ஒரு தொழில். பிறகு சிலருக்கு மட்டும் அதுவே குற்றமானது. அந்தக் கதை பலருக்கும் தெரியாது.

சங்க காலத்து உப்பு வண்டி

திருத்தணி பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்த ஊர். அந்த நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலில் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டி வருகிறது. புல் வேய்ந்த கூரை, வண்டியிலேயே கோழிக்கூடு, பெண் யானையின் முழங்கால் போன்ற சிறிய உரல், கயிற்றில் கட்டித் தொங்கும் காடிப் பானை. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். இதைப் படித்தால் குடும்பமே வண்டியில் வாழ்ந்தது என்பது புரியும்.

அவர்களுடைய முன்னேற்பாட்டுக்குப் புறநானூற்றில் சான்று இருக்கிறது. உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பார்களாம். ஔவையார் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்றைய ஸ்டெப்னி டயரின் மூதாதை என்று அதைச் சொல்லலாம். அகநானூற்றிலோ, உமணர்கள் விட்டுச் சென்ற கல் அடுப்பில் பின்னால் வந்த மறவர்கள் இறைச்சி சமைக்கிறார்கள். வழியில் தங்குவதும் சமைப்பதும் விடிந்ததும் கிளம்புவதும் புலவர்களுக்குச் சாதாரணக் காட்சியாகவே இருந்தது. அதில் எவரும் குற்றம் காணவில்லை.

உப்புக் குறவர்கள்

கடற்கரையில் உப்பு விளையும். உள்நாட்டில் தானியம் விளையும். இரண்டையும் மாற்ற யாராவது நடந்தாக வேண்டும். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் இந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் குறவர்கள். தெலுங்குப் பகுதியில் அவர்களுக்கு எருகலர் என்று பெயர். அவர்களுடைய பேச்சு தமிழுக்கு நெருங்கியது. மாடுகள் மீதும் கழுதைகள் மீதும் உப்பை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார்கள். தானியத்தை மாற்றாக வாங்கிக்கொள்வார்கள். இரவில் ஊருக்கு வெளியே தங்குவார்கள். உப்புக் குறவர் என்ற பிரிவின் பெயரிலேயே அந்தத் தொழில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வாழ்க்கையின் மீது அடிமேல் அடி விழுந்தது. 1805-இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பின்னர் அரக்கோணத்திலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாக வடமேற்கே பாதை நீண்டது. 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு அது இணைந்தது. கழுதை பல நாள் சுமந்த உப்பை ரயில் ஒரே நாளில் கொண்டுபோய் இறக்கியது. அடுத்து 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாற்றிக்கொள்ளத் தானியமும் இல்லை, சுமக்கக் கால்நடையும் இல்லை.

குற்றமான இரவு

ரயில் பாதை இணைந்த அதே 1871-இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. முதலில் வட இந்தியாவில் அமலான அந்தச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலையான முகவரி இல்லாதவன், வரி கட்ட நிலம் இல்லாதவன், இன்று இங்கே நாளை எங்கே என்று தெரியாதவன் ஆகியோரை அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்தே பெயரைப் பதிவு செய்தார்கள்.

இதற்குக் கைரேகைச் சட்டம் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் குறித்த நேரத்தில் போலீசிடம் ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் வேறு ஊரில் இரவு தங்கினால் தண்டனை. பலர் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். குண்டூர்ப் பகுதியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக வழியில் தங்கியவர்களுக்கு வழியில் தங்குவதே குற்றம் ஆகிவிட்டது.

வேறு சிலரின் பயணம்

அதே நூற்றாண்டில் வழியில் தங்கிய மற்றவர்களையும் பார்க்க வேண்டும். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டார். கூடாரங்களோடும் பெரிய பரிவாரத்தோடும் திருப்பதி, கடப்பா, ஐதராபாத் வழியாகச் சென்று 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய நாட்குறிப்பு இன்று முக்கியமான வரலாற்று ஆவணம். அவரும் ஊருக்கு வெளியே கூடாரம் அடித்தவர்தான்.

இங்கிலாந்தில் 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் ஒருவர், இரண்டு குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயர் வைத்து, வேலையாட்களோடு ஸ்காட்லாந்து வரை போனார். பொழுதுபோக்குக்காகக் கட்டிய முதல் கேரவன் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். தன்னை 'ஜென்டில்மேன் ஜிப்சி' என்று அவர் பெருமையாக அழைத்துக்கொண்டார். 1951-இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வண்டிக்குள் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் அலமாரியும் பொருத்தியது. கேம்பர்வேன் உலகம் முழுக்கப் பரவியது அதன் பிறகே.

வீராசாமி செய்ததும், ஸ்டேபிள்ஸ் செய்ததும், உப்புக் குறவர்கள் செய்ததும் ஒரே காரியம். ஒருவருக்கு அது யாத்திரை, ஒருவருக்கு உல்லாசம், மூன்றாமவருக்குக் குற்றம். தங்கியவர் யார் என்பதே வேறுபாடு.

எல்லையும் வள்ளியும்

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் நீங்கியது. தமிழ்நாட்டில் அப்படி விடுபட்டவர்களைச் சீர்மரபினர் என்று அழைக்கிறார்கள். சட்டம் போனாலும் பெயர் அவ்வளவு எளிதில் போகவில்லை. ஊரோரம் கூடாரம் போட்ட குடும்பத்தைப் பார்த்தால் திருட்டுப் பயம் கொள்ளும் வழக்கம் அந்தச் சட்டம் விட்டுச் சென்ற மிச்சம்.

திருத்தணி எல்லையில் நின்ற ஊர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி. உள்ளிட்டவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஒரு ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று இரு தரப்பும் வாதாடின. ஆனால் அந்த எல்லையின் இரு பக்கமும் நடந்து, இரண்டு மொழியும் பேசி, உப்பு கொடுத்து தானியம் வாங்கியவர்கள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

வள்ளியை மணந்த முருகன் வந்து தங்கிய மலை திருத்தணி என்று புராணம் சொல்கிறது. வள்ளி குறவர் வீட்டில் வளர்ந்த பெண். அவளுடைய மணவாளனைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் வந்து, அடிவாரத்தில் வண்டியிலும் வழியிலும் படுத்து எழுந்து படியேறுகிறார்கள். அதே குறவர்களுக்குத்தான் இந்த மாகாணத்தின் சட்டம் முப்பத்தாறு ஆண்டுகள் வழியில் படுக்கும் உரிமையை மறுத்திருந்தது. கேம்பர்வேன் வாங்கிச் சாலையோரம் இரவு தங்க ஆசைப்படும் இன்றைய தலைமுறை, அந்த உரிமை ஒரு காலத்தில் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.