பஞ்சராகத்தில் நம்ம பாட்டு

இடைநிலைப் பள்ளியில் நான் கிளாரினெட் வாசித்தேன். பள்ளி பேண்டுக்கு மலாயில் 'பஞ்சராகம்' என்று பெயர். பெயரில்தான் ராகம், நாங்க வாசிச்சதெல்லாம் அணிவகுப்பு மெட்டு. பாடாங் செராய் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா ஒருமுறை கேட்டுவிட்டு, "இதுல நம்ம பாட்டு எங்கடா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கூலிமில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆலன் ஹோவனெஸ் இசையைக் கேட்டேன். 1911-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அப்பா ஆர்மீனியர். 1940-களில் தன் பழைய படைப்புகள் பலவற்றை அவரே எரித்துவிட்டார். ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டே அப்பாவுடைய மக்களின் இசையைக் கற்றார். அதன் பிறகு எழுதியதில்தான் அவர் குரல் இருக்கிறது.

மொத்தம் 67 சிம்பொனிகள். 1958-இல் எழுதிய நான்காவதில் வயலினே கிடையாது. பிட்ஸ்பர்க் நகரின் ஊதுகருவிக் குழு ஒன்றுக்காக எழுதியது. அணிவகுப்பின் அவசரம் அதில் இல்லை. தனிக்கருவிகள் மூச்சை நீட்டி, ஆலாபனை மாதிரி நிதானமாகப் போகின்றன. என் பள்ளியில் இருந்த அதே கருவிகள்!

1959-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்து கர்நாடக இசை படித்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட ராகங்களைக் கைப்பட எழுதி வைத்தார். சென்னை வானொலியின் தென்னிந்தியக் கருவிக் குழுவுக்காக 'நாகூரான்' எழுதினார். அவருடைய 'அர்ஜுனா' சிம்பொனி 1960-இல் முதன்முதலாக அரங்கேறியதும் சென்னையில்தான்.

வெளிநாட்டுக்காரர் நம்ம ராகத்தைத் தொட்டார் என்று பெருமைப்பட இதை எழுதவில்லை. அந்தப் பெருமை நமக்குச் சுலபமாக வரும். அவர் முதலில் தன் வீட்டு இசைக்குப் போனார், பிறகுதான் மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதே எனக்கு முக்கியம். கிளாரினெட் அந்நியக் கருவி என்றும் சாக்குச் சொல்ல முடியாது. ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடகக் கச்சேரியே செய்தவர். குறை கருவியில் இல்லை. தோட்டத் திருவிழாவில் உறுமி கேட்டு வளர்ந்த நாங்கள் யாரும் பேண்டுக்கென்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

போன மாதம் பள்ளி ஜூனியர்களுக்கு உறுமி அடி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கிளாரினெட்டுக்கு ஒரு சின்ன மெட்டும் சேர்த்து. தாளம் மூன்றாவது சுற்றிலேயே உடைந்துவிட்டது. சிரித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள். தாத்தா இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.