காயமுற்றவரைக் களமிறக்கலாமா? – காற்பந்து வரலாறு சொல்லும் பாடம்



சென்ற பள்ளி விடுமுறையின்போது உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தேன். இடைநிலைப்பள்ளியில் பயிலும் அவ்வீட்டுப் பையன் கணினியின் முன் அமர்ந்து, காற்பந்துக் குழுவை நிர்வகிக்கும் விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தான். பந்தை உதைத்துக் கோல் அடிக்கும் விளையாட்டன்று அது. ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, களமிறங்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது ஆகியவையே அதில் நம் வேலை. 1982-ஆம் ஆண்டு கெவின் டோம்ஸ் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'ஃபுட்பால் மேனேஜர்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி எனலாம். 1992-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' வந்தபின் உலகெங்கும் இளையோர் பலர் இதற்கு அடிமையாகிவிட்டனர்.

"மாமா, அடுத்து இறுதியாட்டம். என்னுடைய சிறந்த ஆட்டக்காரனுக்குத் தொடையில் காயம். இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. இறக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டான்.

"உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றேன்.

"இறக்கினால் வெல்லலாம். காயம் மோசமானால் அடுத்த பருவத்தில் வேறு ஆளை வாங்கிக்கொள்ளலாம்."

விளையாட்டின் கணக்குப்படி அவன் சொன்னது சரியே. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கான காரணத்தை இறுதியில் சொல்கிறேன். முதலில், இதே கேள்வியை உண்மையான காற்பந்து உலகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதைப் பார்ப்போம்.

மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலம்

இன்று ஓர் ஆட்டக்காரர் காயமுற்றால் மற்றொருவர் உள்ளே வருகிறார். இது மிக இயல்பானதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால், இங்கிலாந்தின் போட்டிகளில் நெடுங்காலம் இதற்கு இடமில்லை. பதினொருவரில் ஒருவர் வீழ்ந்தால், எஞ்சிய பதின்மரே ஆட வேண்டும். அல்லது, காயமுற்றவர் நொண்டியபடியே திடலில் நிற்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் வெம்பிளி அரங்கில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் நடந்தது. மான்செஸ்டர் சிட்டியின் கோல் காவலர் பெர்ட் டிராவுட்மன். ஜெர்மானியரான அவர் இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். ஆட்டம் முடிய ஏறத்தாழ 17 நிமிடங்கள் இருந்தபோது, பர்மிங்ஹாம் சிட்டியின் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். கழுத்தில் பலத்த அடி விழுந்தது. அவருக்குப் பதிலாக வர ஆளில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். சிட்டி 3-1 என வென்றது. சில நாள்களுக்குப்பின் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரியவந்தது. அவர் உயிர் பிழைத்ததே பெரும்பேறு.

உலகம் அவரை மாவீரர் எனக் கொண்டாடியது. நாமும் அந்த மன உறுதியை வியக்கலாம். ஆனால், அவர் தலையில் இன்னோர் அடி விழுந்திருந்தால் அந்தக் கதையை நாம் எவ்வாறு சொல்லியிருப்போம்?

மறு ஆண்டு, அதே இறுதியாட்டத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல் காவலர் ரே வுட் ஆறாவது நிமிடத்திலேயே மோதலில் கன்ன எலும்பு முறிந்து வீழ்ந்தார். தற்காப்பு ஆட்டக்காரர் ஜாக்கி பிளான்ச்ஃபிளவர் கோல் காத்தார். வுட் பின்னர் திடலுக்குத் திரும்பி, ஓரத்தில் பெயரளவுக்கு நின்றார். ஆஸ்டன் வில்லா 2-1 என வென்றது. 1959, 1960, 1961-ஆம் ஆண்டுகளின் இறுதியாட்டங்களிலும் ஆளுக்கொருவர் கடும் காயமுற்றனர். தொடர்ந்து கண்முன் நிகழ்ந்த இக்காட்சிகள் விதியை மாற்றியே ஆகவேண்டும் என்ற குரலை வலுப்படுத்தின.

விதி மாறியது

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள், சார்ல்டன் குழுவின் கீத் பீக்காக், போல்டனுக்கு எதிரான ஆட்டத்தில் உள்ளே வந்தார். இங்கிலாந்து லீக் போட்டிகளில் இறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர் அவரே. தொடக்கத்தில், காயமுற்றவருக்குப் பதிலாக ஒருவரை மட்டுமே இறக்கலாம் என்பது விதி.

உலகக் கிண்ணம் இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது. 1966-இல் பல்கேரிய ஆட்டக்காரர்களின் முரட்டு ஆட்டத்தால் அடிபட்ட பெலே, அடுத்த ஆட்டத்தில் ஆடவில்லை, பிரேசில் தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில் போர்த்துகலுக்கு எதிராக அவரை இறக்கினர். அங்கும் கடுமையாக இடறிவிடப்பட்டு, நொண்டியபடியே ஆட்டத்தை முடித்தார். பிரேசில் 3-1 எனத் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1970-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில்தான் இரு மாற்று ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்பட்டனர். அப்போதும், இத்தாலிக்கு எதிரான அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி இருவரையும் இறக்கிவிட்டிருந்ததால், தோள் பிசகிய பெக்கன்பவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

"நான் ஆடுவேன்"

விதி மாறியபின் பொறுப்பு பயிற்றுநரிடம் வந்தது. 1998-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், உலகக் கிண்ண இறுதியாட்டத்தன்று, பிரேசிலின் 21 வயது ரொனால்டோவுக்கு விடுதியில் வலிப்பு ஏற்பட்டது. முதலில் வெளியான ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மருத்துவமனைச் சோதனையில் குறையொன்றும் தெரியவில்லை. அரங்கிற்கு வந்த ரொனால்டோ ஆட விரும்பினார். பயிற்றுநர் ஸகாலோ இறக்கினார். பிரேசில் 3-0 எனத் தோற்றது. அம்முடிவு குறித்துப் பின்னர் பிரேசில் நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது.

2014-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் அடிபட்டும் ஆட்டத்தைத் தொடர்ந்தார். சிறிது நேரத்தில் நடுவரிடம் சென்று, "இது இறுதியாட்டமா?" என்று கேட்டார். எந்த ஆட்டத்தில் நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை! நடுவர் தெரிவித்த பிறகு, 31-ஆவது நிமிடத்தில் அவர் வெளியேற்றப்பட்டார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிஃபா, தலையில் அடிபட்டதாக ஐயம் எழுந்தால் ஆட்டத்தை மூன்று நிமிடம் வரை நிறுத்தலாம் என்றும், தொடர்வதைக் குழு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்றும் அறிவித்தது. 2021-இல், தலைக்காயத்திற்கென வழக்கமான எண்ணிக்கைக்கு மேலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் சோதனை முயற்சி தொடங்கியது. 2024-இல் அது ஆட்ட விதிகளிலேயே இடம்பெற்றது.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். காயமுற்ற ஆட்டக்காரர் "நான் ஆடுவேன்" என்றுதான் சொல்வார். பயிற்றுநருக்கோ வெற்றி வேண்டும். எனவே, முடிவெடுக்கும் உரிமையை வெற்றிக்காக ஏங்குபவர்களிடமிருந்து சற்றே விலக்கி, நல்ல முடிவால் குழுவுக்கு இழப்பு நேராதபடி விதி பார்த்துக்கொள்கிறது. இதைக் கற்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

என் தவறு

பல ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவிலான போட்டிக்குப் பள்ளிக் காற்பந்துக் குழுவை அழைத்துச் சென்றேன். அரையிறுதியில் எங்கள் சிறந்த ஆட்டக்காரனின் கணுக்கால் பிசகியது. இறுதியாட்டத்திற்கு முன் அவனிடம், "ஆட முடியுமா?" என்று கேட்டேன். "வலியில்லை ஐயா" என்றான். வீக்கம் என் கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தும் இறக்கினேன். வென்றோம். கிண்ணம் பள்ளி அலுவலகத்தை அலங்கரித்தது. அவனோ பல மாதங்கள் நொண்டி நடந்தான். மறு ஆண்டு பயிற்சிக்கே வரவில்லை. வேறோர் ஆளை வாங்கிக்கொள்ள எனக்கு அங்கே அடுத்த பருவம் இருக்கவில்லை.

இன்று எண்ணிப் பார்க்கையில், நான் கேட்ட கேள்வியே தவறு என்பது புரிகிறது. தான் மதிக்கும் ஆசிரியர் "ஆட முடியுமா?" என்று கேட்டால், எந்தப் பிள்ளை முடியாது என்பான்? அவன் தந்த விடை என் ஆசையின் எதிரொலி. நான் கேட்டிருக்க வேண்டியது மருத்துவரையும் அவன் பெற்றோரையும்.

ஆசிரியர்களே, காயத்தைப் பற்றிய முடிவைப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள். பெற்றோர்களே, ஆசிரியர் மறந்தாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்காக எந்த ஆசிரியரும் உங்கள் மீது வருத்தம் கொள்ளக்கூடாது.

மறுநாள் காலை இந்தக் கதையை அப்பையனிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, அந்த ஆட்டக்காரனைப் பட்டியலிலிருந்து நீக்கினான். இறுதியாட்டத்தில் 2-1 எனத் தோற்றான்.

"பரவாயில்லை மாமா, அடுத்த பருவத்தில் அவன் இருப்பான்" என்றான்.