கயாக்கில் இழுவைத் தூண்டிலிட்டு ஹாலிபட் பிடித்தல்

கயாக்கில் இழுவைத் தூண்டிலிட்டு ஹாலிபட் பிடித்தல் என்பது, துடுப்பாலோ கால்மிதியாலோ இயங்கும் ஒடுங்கிய சிறு படகை மெல்லச் செலுத்தி, இரை பூட்டிய தூண்டிலைக் கடலடி மணலையொட்டி அதன் பின்னே இழுத்துச் சென்று தட்டைமீன் பிடிக்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கரையோரத்திலும் விரிகுடாக்களிலும் இது பொழுதுபோக்கு மீன்பிடிப்பாக நடைபெறுகிறது. பிடிக்கப்படும் மீன் கலிபோர்னிய ஹாலிபட் ஆகும். வலையை இழுத்துச் செல்லும் இழுவலை மீன்பிடிப்பு இதிலிருந்து முற்றிலும் வேறானது. தமிழில் இரண்டையும் "இழுவை" என்ற சொல்லாலேயே குறிப்பதால் குழப்பம் நேர்வதுண்டு.

மீன்

கலிபோர்னிய ஹாலிபட்டின் அறிவியற் பெயர் பராலிக்திசு கலிபோர்னிக்கசு. அலாசுக்கா முதலிய குளிர்கடல்களில் வாழும் பெரிய பசிபிக் ஹாலிபட் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் எருமை நாக்கு என்று வழங்கும் மீனையும் ஆங்கில நூல்கள் இந்திய ஹாலிபட் என்று குறிப்பிடுகின்றன. அது மூன்றாவது ஒரு குடும்பம். அதன் அறிவியற் பெயரான செட்டோடெசு எருமெயி என்பதில் எருமை இருப்பதைக் காணலாம்.

குஞ்சாக இருக்கும்போது ஏனைய மீன்களைப் போலவே இதற்கும் பக்கத்துக்கு ஒரு கண் உண்டு. வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கக் கண்ணோடு சேர்ந்துகொள்கிறது. இது இடக்கண் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், ஏறத்தாழ 40 விழுக்காடு மீன்களில் கண்கள் வலப்புறத்தில் அமைகின்றன. கண்ணுள்ள பக்கம் மணலின் நிறத்தைக் கொள்ளும், அடிப்பக்கம் வெண்மையானது. மீன் மணலில் பாதி புதைந்து கிடந்து, நெத்திலி, மத்தி, கணவாய் போன்றவை தலைக்குமேல் கடக்கும்போது பாய்ந்து கவ்வும். இழுவைத் தூண்டில் பலன் தருவதற்கு இந்தப் பதுங்கிப் பாயும் பழக்கமே அடிப்படை. இரையைத் தேடி மீன் வராது. மீன் கிடக்கும் இடத்தின்மேல் இரை செல்ல வேண்டும்.

பெண் மீன்கள் ஆணைவிடப் பெரிதாக வளர்கின்றன. ஆண் 2 அல்லது 3 வயதிலும், பெண் 4 அல்லது 5 வயதிலும் முதிர்ச்சியடைகின்றன. இளவேனிலில் முட்டையிடுவதற்காக ஆழங்குறைந்த நீருக்கு வருவதால், கயாக்கில் செல்வோர்க்கு எட்டும் தொலைவில் அப்போது கிடைக்கின்றன. கலிபோர்னியாவில் தூண்டிலில் பிடிக்கப்பட்டவற்றுள் பதிவுபெற்ற மிகப்பெரிய மீன் 2011இல் சாந்தா ரோசா தீவருகே கிடைத்தது. அதன் எடை 67 பவுண்டு 5 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 30.5 கிலோகிராம்.

கயாக்

கயாக் வடதுருவப் பகுதி மக்களின் தோற்படகிலிருந்து வந்தது. அலூசியன் தீவுகளின் உனங்கன் மக்கள் இத்தகைய படகுகளிலிருந்து கயிறு இறக்கிப் பசிபிக் ஹாலிபட்டைப் பிடித்துவந்தனர். இன்று கலிபோர்னியாவில் மீன்பிடிக்கப் பயன்படுவது பெரும்பாலும் வார்ப்பு நெகிழியாலான, மேலே அமர்ந்து செலுத்தும் வகையாகும். படகின்மேல் ஏறும் நீர், உடலில் உள்ள துளைகள் வழியே தானே வடிந்துவிடும். 1997இல் ஹோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய மிராஜ் டிரைவ் போன்ற கால்மிதி இயக்கங்கள் வந்தபின் கைகள் தூண்டிற்கோலுக்கு விடுபட்டன. இழுவைத் தூண்டிலுக்கு இது பெரிய வசதி. ஆயினும் துடுப்புப் படகில் ஒவ்வொரு வலிப்புக்கும் வேகம் சற்றே ஏறி இறங்குவதால் இரை துள்ளித் துள்ளிச் செல்கிறது. அதுவே மீனை ஈர்ப்பதாகக் கருதுவோரும் உண்டு.

தூண்டில் அமைப்பும் செலுத்தும் முறையும்

கோலிலிருந்து வரும் நரம்பு ஒரு மும்முனைச் சுழல்வளையத்தில் முடிகிறது. அதன் ஒரு முனையிலிருந்து குறுகிய நரம்பில் ஈயக்குண்டு தொங்கும். மற்றொரு முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள நரம்பு பின்னோக்கிச் செல்லும். அதில் பளபளக்கும் உலோகத் தகடும், கடைசியில் நெத்திலியோ கணவாய் வடிவ இரப்பர் இரையோ பூட்டிய கொக்கியும் இருக்கும். ஈயக்குண்டு தரையைத் தட்டித் தட்டிச் செல்ல, இரை அதற்குச் சற்று மேலே மிதந்து வருகிறது. குண்டு மணலைத் தட்டும்போது எழும் புழுதியும் மீனின் கவனத்தைத் திருப்பும் என்பது மீன்பிடிப்போர் கருத்து. குண்டைத் தாங்கும் நரம்பு மற்றவற்றைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். பாறையில் சிக்கினால் குண்டு மட்டும் அறுந்துபோகும். மீனும் மற்றவையும் தப்பும்.

வேகம் மணிக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4 கிலோமீட்டர் வரை. அதைவிட விரைந்தால் குண்டு தரையைவிட்டு எழுந்துவிடும். கோலின் நுனி சீராகத் துடித்துக்கொண்டிருந்தால் குண்டு தரையில் இருக்கிறது என்று பொருள். துடிப்பு நின்றால் ஆழம் கூடிவிட்டது, அல்லது கொக்கியில் கடற்பாசி சிக்கிவிட்டது. பாசி சிக்கிய தூண்டிலை மணிக்கணக்காக இழுத்துச் செல்வதே புதியவர்கள் வெறுங்கையுடன் திரும்புவதற்குப் பொதுவான காரணம். நீரோட்டத்தின் போக்கிலேயே இழுப்பது வழக்கம்.

சான் பிரான்சிசுக்கோ விரிகுடாவில் அலமீடா, பெர்க்கிலி, ஏஞ்சல் தீவு ஆகியவற்றை ஒட்டிய மணல் திட்டுகள் பெயர்பெற்றவை. தோமாலசு விரிகுடா, மான்டரே விரிகுடா, தெற்கே சாந்தா மொனிக்கா விரிகுடா ஆகியவற்றிலும் இம்முறை வழங்குகிறது. விரிகுடாக்களுள் ஓத வேறுபாடு குறைவான நாட்கள் விரும்பப்படுகின்றன. பேரோத நாட்களில் சேறு கலங்குவதால், கண்ணால் வேட்டையாடும் இம்மீனுக்கு இரை தெரிவதில்லை.

மீனைக் கைப்பற்றுதல்

இப்பகுதியே மிகக் கடினமானது. ஹாலிபட் கவ்வியவுடன் பெரிதாகப் போராடுவதில்லை. கனமான பலகை போல எழுந்துவரும். படகைக் கண்டதும் திரும்பி அடிநோக்கிப் பாயும். தலையை நீருக்கு மேலே தூக்கினால் தலையை உதறிக் கொக்கியைக் கழற்றிவிடும். எனவே தலையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, கைவலையை முன்கூட்டியே நீரில் இறக்கி, மீனின் தலை முதலில் அதற்குள் செல்லுமாறு நடத்த வேண்டும். வாற்பக்கம் வலை பட்டால் மீன் முன்னோக்கிப் பாய்ந்து தப்பிவிடும்.

மீன் வலைக்குள் வந்தபின்பே ஆபத்து தொடங்குகிறது. கூரிய பற்களும் வலிய வாலும் உடைய 10 கிலோகிராம் மீன், அமர்ந்திருப்பவரின் கால்களுக்கிடையே துள்ளும்போது கொக்கி தொடையில் ஏறலாம்; படகு கவிழலாம். ஆகையால் மீனை வலையோடு பக்கத்திலேயே பிடித்து, தலையில் அடித்து அடக்கி, செவுளை அறுத்துக் குருதி வடித்து, கயிற்றில் கோத்தபின் ஏற்றுவர். கடற்சிங்கங்கள் உலவும் இடத்தில் இந்த நேரத்தையும் சுருக்கிக்கொள்ள வேண்டும். வலையிலிருந்தே மீனைப் பறித்துச் செல்லக்கூடியவை அவை.

காற்றும் குளிர்நீரும்

வட கலிபோர்னியக் கடல்நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 பாகை செல்சியசு வரையே இருக்கும். விழுந்தவர் முதல் நிமிடத்தில் மூச்சுத்திணறலுக்கு உள்ளாகிறார். சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போவதால் படகில் மீண்டும் ஏற இயலாமற் போகிறது. எனவே வானிலைக்கு ஏற்ப அன்றி நீரின் குளிருக்கு ஏற்பவே உடையணிய வேண்டும். உயிர்காப்பு மேலங்கி ஒவ்வொருவருக்கும் ஒன்று படகில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பின்கட்டில் கிடக்கும் மேலங்கி, கவிழ்ந்தவருக்கு உதவாது. கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி ஏறுவதைக் கரையருகே முன்னரே பழக வேண்டும்.

கோடையில் பிற்பகல் மேற்குக் காற்று சான் பிரான்சிசுக்கோ விரிகுடாவில் கடுமையாக வீசுவதால், விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவதே வழக்கம். வற்றும் ஓதம் கோல்டன் கேட் வாயிலின் வழியே வெளிக்கடலுக்கு இழுக்கும். அதனை எதிர்த்துத் துடுப்பு வலிப்பது வீண். பனிமூட்டத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் கயாக் புலப்படாது என்பதால் ஒலி எழுப்பும் கருவியும், 16ஆம் அலைவரிசையில் பேசக்கூடிய வானொலியும் கொண்டுசெல்வது நல்லது.

விதிகளும் மீன்வளமும்

கலிபோர்னியாவில் குறைந்த அளவு 22 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும். கடலில் படகிலிருந்து பிடிப்போர் 18 அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள கைவலை வைத்திருத்தல் வேண்டும். பொதுப் பாலத்துறைகளில் மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை. கயாக்கிலிருந்து பிடிக்கத் தேவை.

சாக்ரமெண்டோ முதலிய ஆறுகளில் சால்மன் மீன்கள் வெகுவாகக் குறைந்தமையால் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளும் கலிபோர்னியக் கடலில் சால்மன் பிடிப்பு முற்றாக மூடப்பட்டது. சால்மன் பிடித்தவர்கள் ஹாலிபட்டின் பக்கம் திரும்புவார்கள் என்று கருதி, பாயிண்ட் சர் முனைக்கு வடக்கே ஒருவர் ஒரு நாளில் பிடிக்கக்கூடிய எண்ணிக்கை 2023 சூனில் 3இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்களே. ஆகவே விதி அனுமதித்தாலும் மிகப்பெரிய மீனை அளந்துவிட்டுத் திரும்ப விடுவோர் உளர். அவ்வாறு விட எண்ணுபவர், மீனைப் படகிலேற்றாமல் நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுவது மீனுக்கும் அவருக்கும் பாதுகாப்பானது.