கோள் பாதுகாப்பு

பூமியின் மீது மோதக்கூடிய சிறுகோள்களையும் வால்மீன்களையும் முன்கூட்டியே கண்டறிந்து, தேவையானால் அவற்றின் பாதையை மாற்றும் முயற்சி கோள் பாதுகாப்பு எனப்படும். சினிமாக்கள் காட்டும் வெடிவேலை இதில் சிறு பங்குதான். பெரும்பங்கு தேடும் வேலை.

1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காவுக்கு மேலே வெடித்த விண்பொருள் 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டைச் சாய்த்தது. லியோனிட் கூலிக்கின் ஆய்வுக்குழு அங்கே போய்ச் சேர்ந்தது 1927இல்தான். அரிசோனாவின் பெரும்பள்ளம் விண்கல் விழுந்து உண்டானதே என்பதை யூஜின் ஷூமேக்கர் 1960இல்தான் நிலைநாட்டினார். டைனோசர்களின் அழிவுக்கு விண்மோதலே காரணம் என்று லூயிஸ் அல்வாரெஸும் மகன் வால்டரும் 1980இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன் துண்டு துண்டாக வியாழனில் விழுந்ததை உலகமே பார்த்தது. அதன்பின் விண்மோதல் பற்றிய ஏளனம் ஓய்ந்தது.

1998இல் நாசா, பூமியருகே வரும் சிறுகோள்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 விழுக்காட்டைப் பத்தாண்டில் கண்டுபிடிக்க முனைந்தது. 2005இல் அமெரிக்கச் சட்டம் இலக்கை 140 மீட்டருக்கு இறக்கியது. அந்த அளவில் இன்னும் பாதிகூடக் கண்டறியப்படவில்லை.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மீது வெடித்த கல் சுமார் 20 மீட்டர்தான். சூரியனின் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. ஒளியைக் கண்டு ஜன்னலருகே வந்தவர்களை, சற்றுப் பிந்தி வந்த அதிர்வலை கண்ணாடிச் சில்லுகளால் தாக்கியது. காயமடைந்தோர் சுமார் 1,500 பேர்.

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், டிடிமோஸ் சிறுகோளைச் சுற்றும் சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டிமார்ஃபோஸ் மீது நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்றிருந்தார்கள். சிதறித் தெறித்த கற்தூளும் எதிர்த்திசையில் உந்தியதே இதற்குக் காரணம். ஆனால் இந்த உத்தி பலிக்கப் பல ஆண்டு முன்னறிவிப்பு வேண்டும். கடைசி மாதத்தில் கண்டறிந்தால் மக்களை இடம்பெயர்க்கத்தான் முடியும். டார்ட் மோதிய இடத்தை ஆராய ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டது.

2004இல் கண்டறியப்பட்டபோது அச்சமூட்டிய அபோஃபிஸ் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில், மோதாமல் கடந்து செல்லும்.